நாலாவது ஃபில்டர்

ஆயில் ஃபில்டர் அசையவில்லை. மெக்கானிக் சங்கிலி ஸ்பேனரை விட்டெறிந்தார். பெரிய ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரின் வயிற்றில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. இந்தப் பக்கம் புகுந்தது அந்தப் பக்கம் வந்தது. கறுப்பு எண்ணெய் முழங்கை வரை வழிய, நெம்பித் திருகிப் பிடுங்கினார். பொறுமை என்றாலே அவருக்கு வேப்பங்காய்.

"வண்டியைக் கொன்னுடாதீங்க மச்சான்," என்று போனைப் பார்த்தபடியே சிரித்தார் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். ஊரையே கடித்துக் குதறும் மெக்கானிக், இவர் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் தங்கை புருவத்தில் தையலோடு வந்து இறங்கினாள். படியில் வழுக்கி விழுந்தாளாம். மூக்குக்கண்ணாடி சாக்கடையோடு போய்விட்டதாம். இன்று சாயங்காலம் மாப்பிள்ளை இதே காரில் அவளைத் திரும்பக் கூட்டிப்போகிறார். காலையில் பெட்டி கட்டும்போது, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனேண்ணே," என்றாள். "அதுவரைக்கும் மாப்பிள்ளை பட்டினி கிடக்கணுமா?" என்று கிண்டலடித்து அவள் வாயை அடைத்தார் இந்தப் புத்திசாலி அண்ணன்.

"எல்லாரும் எஞ்சினைத்தான் கவனிக்கிறாங்க மாப்பிள்ளை," என்று தன் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். "எண்ணெய்க்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணு. நாலாவது ஃபில்டர் உள்ள உக்காந்து வர்ற மனுஷனுக்கு. அதை ஒருத்தனும் மாத்துறதில்ல."

அழுக்கேறிய ஏசி ஃபில்டரை உருவி, "இதைத்தான் இத்தனை நாள் மூச்சா இழுத்தீங்க" என்று வண்டிக்காரன் மூக்குக்கு நேரே நீட்டுவதில் அவருக்கு அலாதி சந்தோஷம். அதற்காகவே முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருந்த பெட்டியைக் கழற்றினார். மூடியில் நீளமாக விரிசல். மேல் மூலை பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. பின்னாலிருந்து ஃபில்டரை இழுத்தார்.

மடிப்புகளில் புழுதி, சருகு, நாலைந்து நீள முடி. அவற்றோடு மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த கால் ஒன்று சிக்கியிருந்தது. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக்கம்பி முறுக்கு. போன வருஷம் அவரே முறுக்கிக் கொடுத்தது. கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என் தங்கச்சி எங்க விழுந்தா மாப்பிள்ளை?"

"படியிலதான். ஏன்?"

கண்ணாடிக் காலை நீட்டினார். மாப்பிள்ளை போனைப் பைக்குள் வைத்தான்.

"அவளுக்கு வாய் ஜாஸ்தி மச்சான். வண்டி ஓட்டும்போது நொய்நொய்னு... தலையைப் பிடிச்சு டாஷ்போர்டுல ஒரு தடவை வச்சேன். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நீங்க ஃபில்டரைப் பாருங்க."

மெக்கானிக் அறைந்த அறையில் அவன் உதடு கிழிந்தது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. கீழே கிடந்த சங்கிலி ஸ்பேனரை எடுத்து வீசினான். மெக்கானிக்கின் புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். எண்ணெய்த் தட்டின் மேல் விழுந்தவரின் விலாவில் மிதி மேல் மிதி.

"உங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே மண்டைதான் போல," என்று சிரித்தான். சிந்திய எண்ணெயில் கால் வழுக்கவும், இடது கையால் எஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

மெக்கானிக் எக்கி, பானெட்டைத் தாங்கிய கம்பியைத் தட்டிவிட்டார். பானெட் தடாலென்று விழுந்தது. அவன் அலறினான். இவர் தட்டுத்தடுமாறி எழுந்து அதன் மேல் உட்கார்ந்தார். விரல்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் கையாலதானேடா வச்சே?"

அவன் ஆமாம் என்று கத்தும்வரை இறங்கவில்லை. விட்டதும், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினான். எண்ணெய் வடித்துப்போட்ட கார் அங்கேயே நின்றது.

மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது தங்கை புதுக் கண்ணாடியோடு வாசலில் பெட்டியும் கையுமாக இருந்தாள்.

"ஐயோ! என்னண்ணே இது ரத்தம்?"

"படியில வழுக்கி விழுந்துட்டேன்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் படியிலண்ணே?"

அவள் உள்ளங்கையில் கண்ணாடிக் காலை வைத்தார். அவமானத்தில் அவரால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீ விழுந்த அதே படியிலதான்மா."

அவள் செம்புக்கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த துண்டை எடுத்து அவர் புருவத்தில் அழுத்தி, பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மற்ற துணிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள்.