வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வாளியக்காவின் தலையில் கொட்டிய தண்ணீர் முதன்முதலாக ஊரார் வீடுகளுக்குள் வந்தது, ஏரி வற்றித் தரை தெரிந்துவிட்டிருந்த கோடையின் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்தான். தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியிலிருந்து தொபுக்கென்று விழுந்து, பாயை நனைத்து, கட்டிலுக்கு அடியில் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் பிளக்கைப் பிடுங்கினார்கள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதற்குள் நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கப் பெட்டிக்கு முன்னால் குடமும் அண்டாவும் வரிசையில் உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் ‘குப்பைத்தொட்டி நேரலை’. மட்டமாக எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாடுபட்டு மட்டமாக எடுத்தார்கள். அரங்கத்தின் சுவர் அட்டை. கதவைச் சாத்தினால் சுவரே ஆடும், ஆட வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் கோட்டுப் போட்ட தொகுப்பாளர் வந்ததும் வராததுமாக, மானம் ரோஷம் உள்ளவர்கள் இப்போதே வேறு சேனலுக்குப் போய்விடலாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வார். ஒருவரும் போகமாட்டார்கள். பழைய கடி ஜோக்குகள், சுருதி சேராத வாத்தியக் குழு, வழுக்கி விழும் இரண்டு தடியர்கள் என்று ஒரு மணி நேரம் போகும். கடைசியில் ஜிகினா கவுன் போட்டுக்கொண்டு வாளியக்கா வருவாள். டிரம்ஸ்காரர் டிரம்ஸை பாலிதீனால் மூடிக்கொள்வார். அவள் கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, உருக்கமான ஒரு பாட்டைப் பாடத் தொடங்குவாள். நல்ல குரல், அதுதான் விஷயமே. இரண்டாவது வரி முடிவதற்குள் மேலேயிருந்து ஒரு வாளித் தண்ணீர் தலையில் கொட்டும். பாட்டின் மூன்றாவது வரியை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

தண்ணீர் வருவதற்குச் சில முறைகள் இருந்தன. அவற்றை ஜனங்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். நேரலைக்கு மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பில் ஒரு சொட்டும் விழாது. வீட்டில் ஒருவராவது சிரிக்க வேண்டும். பொய்ச் சிரிப்புக்குக் கண்ணாடியில் ஈரம் கசியும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் வாளியக்கா கெஞ்சிக் கேட்டதன் பேரில் ஹீட்டர் கம்பி போட்டு வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை ஊற்றினார்கள். வீடுகளுக்கும் அது வெதுவெதுப்பாகவே வந்தது, கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டத் தோதாக இருந்தது. தகரக் கடைக்காரர்கள் பெட்டிக்கு அடியில் பொருத்தும் தட்டுகளைச் செய்து விற்றார்கள். பார்ப்பதற்கு அசிங்கம் என்று நிகழ்ச்சியை ஒதுக்கியிருந்த கௌரவமான வீடுகளிலும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள்.

ஒரே ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் பெட்டியைப் போடுவதில்லை. அது வாளியக்கா குடியிருந்த வீடு, அவளுடைய தம்பியின் வீடு. தம்பி குடிநீர் வாரியத்தில் பொறியாளர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அக்கா பாட்டுக் கச்சேரிக்கு வாய்ப்புக் கேட்டு அலைந்து, எங்கும் நடக்காமல், கடைசியில் வாளிக்கு அடியில் போய் நின்றாள். அவன் கல்லூரிக்குப் போனதும், வேலைக்குப் போனதும், கல்யாணம் செய்துகொண்டதும் அந்த வாளியால்தான். கொடியில் ஜிகினா கவுன் சொட்டச் சொட்டக் காயும்போது அவன் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. அவனுடைய மனைவி மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே பெட்டியில் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவாள்.

வாரியத்தின் குழாய்களில் அப்போது காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி வழியாக வருவதைச் சோதித்துப் பார்த்தார்கள். குடிக்க ஏற்றது என்று முடிவு வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பாரம் இறங்கியது போலிருந்தது. தம்பிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. விதிகளைப் புரட்டினான். பஞ்சகாலத்தில் கேளிக்கைக்காகத் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதை மேலதிகாரியின் மேஜையில் வைத்தான். ஊரே அதைத்தானே குடிக்கிறது என்றார் அவர். விதி விதிதான் என்றான் இவன். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வாளி காலியாகத்தான் கவிழ்ந்தது. வாளியக்கா பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றும் விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மூன்றாவது வரியைப் பாடினாள். நடுவில் எங்கோ மறந்திருக்கும் என்று பயந்தாள், மறக்கவில்லை. தொண்டை தானாகத் திறந்துகொண்டது. சுருதி சேராத வாத்தியக் குழு எப்படியோ சுருதி சேர்ந்தது. வழுக்கி விழும் தடியர்கள் விழாமல் நின்றார்கள். மஞ்சள் கோட்டுக்காரர் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். வீடுகளில் ஜனங்கள் காலிக் குடத்தைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஒரு சொட்டும் வரவில்லை. பாட்டு முடிந்ததும் குடங்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தாகத்தோடு படுத்தார்கள்.

மறுநாள் காலையில் வாளியக்கா கடைக்குப் போனபோது வழியில் பலர் நிறுத்தினார்கள். பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அடுத்த வாரம் வாளி உண்டா என்று கேட்டார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெண்ணின் தோளில் கிடந்த குழந்தையின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியை அடுக்களையில் உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். விதியைச் சொன்னான். அவள் நம்பவில்லை என்று தெரிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“உன்ன நனைய விட்டுத்தான் நான் படிச்சேன். இப்ப ஊரே உன்ன நனைய விட்டுத்தான் குடிக்கணுமா அக்கா?”

இத்தனை வருஷமாக அவன் கவுன் காயும் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனதற்கு அவள் வேறு காரணம் நினைத்திருந்தாள்.

“நனையறது நான்தானேடா,” என்றாள். “உனக்கு ஏன் குளிருது?”

மூக்கை உறிஞ்சினான், சின்ன வயதில் செய்தது போலவே.

“பாட்டு ஒரு தடவ முழுசாப் பாடியாச்சு. எனக்கு அது போதும். நீ தண்ணிக்கு வழி பண்ணு.”

கையெழுத்தான உத்தரவைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் வாரியத்தின் ஊழியர் ஒருவர் பணி நிமித்தமாகத் தண்ணீரைக் கொட்டினால் அது கேளிக்கை ஆகாது, விநியோகம் ஆகும். இதையும் அவனே விதிகளில் தேடிப்பிடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, வீட்டில் குடிப்பதற்கு வைத்திருந்த கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அரங்கத்தின் ஏணியில் ஏறினான். குடத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றினான். வாளியக்கா வந்து நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பாட ஆரம்பிக்கும் முன்பே அவன் பதற்றத்தில் வாளியைக் கவிழ்த்துவிட்டான். அவள் திறந்த வாயோடு மேலே பார்த்த பார்வையில் ஊரே வெடித்துச் சிரித்தது. அவனும் ஏணியைக் கட்டிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அன்று அண்டாக்கள் நிரம்பி, வாசற்படி தாண்டி, தண்ணீர் தெருவில் ஓடியது. அவன் வீட்டிலும் அன்று பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்த குடத்துக்குப் பதிலாக ஒரு குடம் நிரம்பியது, கூட இரண்டு அண்டாவும் நிரம்பின.

அந்தப் பஞ்சம் மூன்று கோடைகள் நீடித்தது. பிறகு மழை பெய்தது, ஏரி நிரம்பியது, குழாய்களில் தண்ணீர் வந்தது. நிகழ்ச்சியை யாரும் நிறுத்தவில்லை. தொலைக்காட்சித் தண்ணீரில் துணி நன்றாக வெளுக்கிறது என்று சொல்லி ஜனங்கள் பாத்திரம் வைப்பதையும் நிறுத்தவில்லை. வாரியத்தின் பணிப்பட்டியலில் வெள்ளிக்கிழமை மாலைக்கு நேராகத் தம்பியின் பெயர் இன்னும் இருக்கிறது. தலை நரைத்து, பதவி உயர்ந்த பிறகும் வாளியை வேறு யாரிடமும் கொடுக்க அவன் ஒப்பவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் இருவரும் ஒன்றாகப் பேருந்தில் திரும்புவார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் விட்ட இடத்திலிருந்து பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அவர்கள் ஏறும் நிறுத்தம் வருவதற்கு முன்பே நடத்துநர் ஜன்னலோர இருக்கை ஒன்றில் பிளாஸ்டிக் தாள் விரித்து வைத்துவிடுவார்.