மேல் தண்ணீர்

தண்ணீரை வாயில் வைத்திருக்கிறார் அப்பா, விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, என்னைப் பெண் கேட்ட வீட்டின் கிணற்றடியில் கண்ணை மூடி நிற்கிறார், மாப்பிள்ளை வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், எங்கள் வேதாரண்யம் பக்கத்து மணல் ஊர்களில் அப்படித்தான், நகையும் நிலமும் பிறகு, முதலில் கிணறு, உப்புத் தண்ணீர் வீட்டில் பெண் கொடுத்தால் முடி கொட்டும், பருப்பு வேகாது, ஆயுசுக்கும் பெண் குடம் சுமப்பாள், அப்பா விழுங்குகிறார், எளநி தோத்துச்சு போங்க என்கிறார், அவ்வளவுதான், தாம்பூலம் மாற்றிவிட்டார்கள், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். நான் அங்கே இல்லை, மாமியார் சொல்லிச் சொல்லி நானே பார்த்தது மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் முல்லைத் தோட்டத்துக்குக் குட்டைத் தண்ணீர்தான், மணலில் இடுப்பளவு பள்ளம் பறித்தால் ஊறிவிடும், நானும் ஓரகத்தி செண்பகவல்லி அக்காவும் ஆளுக்கு இரண்டு குடம், மேலாக மொள்ளு புள்ள, கலக்காத என்பாள் அக்கா, சிரித்துச் சிரித்துப் பாதித் தண்ணீர் எங்கள் சேலைக்குத்தான் போகும், அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றுக்குக் குழம்பே வேண்டாம், இப்போது நினைத்தாலும் தொண்டை குளிர்கிறது. பிறகு பாகம் பிரித்தார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் இவருடைய அண்ணன், ஆளுக்கொரு போர்க்குழாய், ஆளுக்கொரு மோட்டார், கிணறு மட்டும் பொது, கரண்டுக்குக் கட்டணமில்லை, பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்தில்லை, அங்கே மோட்டார் சத்தம் கேட்டால் இவருக்குச் சோறு இறங்காது, அவரே எல்லாத்தையும் உறிஞ்சிப்புடுவாரா என்று எச்சில் கையோடு ஓடிப்போய் எங்கள் மோட்டாரையும் போடுவார், வாய்க்கால் வழிந்து ரோட்டுக்கு ஓடும், தண்ணீர் இறங்கியதும் இவர் குழாயை ஆழத்துக்கு இறக்கினார், அண்ணன் அதற்கும் கீழே இறக்கினார். தண்ணீர் சோதிக்க வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார், ஐயா, இந்த மணல்ல நல்ல தண்ணி பால்ல ஏடு மாதிரி மேலாகத்தான் நிக்குது, அடியில கடலு, ஆழத்துல இழுத்தா உப்புதான் ஏறி வரும், குழாய மேல தூக்குங்க, ஒருநாள் ஒருத்தர்னு மாத்திப் போடுங்க, அண்ணனும் தம்பியும் அன்றைக்கு மட்டும் ஒற்றுமையாகச் சிரித்தார்கள், அவருக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்.

உப்பு வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை, ஒரே நாளில் வந்திருந்தால் துப்பியிருப்போம், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, நாக்கும் கூடவே நடந்து பழகிவிட்டது, குழம்புக்குப் போடும் உப்பை என் கை தானாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது, முல்லை இலை ஓரம் கருகியபோதும் வெயில் என்றுதான் சொன்னோம். அப்பா வந்தார், பஸ்ஸை விட்டு இறங்கி வியர்வையோடு நேராகக் கிணற்றடிக்கு, நான் செம்பை நீட்டுகிறேன், வாயில் வைத்திருக்கிறார், இது எந்த அப்பா, பெண் கொடுக்க வந்தவரா, மூப்பில் வந்தவரா, மணலில் துப்புகிறார், கண் கலங்கிவிட்டது, இதயாம்மா குடிக்கிற, இதுக்கா ஒன்னயக் குடுத்தேன், கெளம்பு, புள்ளைவொளக் கூட்டிக்கிட்டு கெளம்பு.

பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன், மிரட்டலுக்கு இல்லை, நிஜமாகவே போகத்தான், வேலியோரம் பார்த்தால் செண்பகவல்லி அக்காவும் பையோடு நிற்கிறாள், எனக்கு அப்பன் வூடு இல்ல புள்ள, ஒன்னோடயே வந்துர்றேன் என்கிறாள். அண்ணனும் தம்பியும் வெகு காலத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பொழுது சாய்வதற்குள் இரண்டு குழாயும் மேலே வந்தன, ஒருநாள் இவர், மறுநாள் அண்ணன், மற்றவர் முறையில் மோட்டார் சத்தம் கேட்டால் இவர் எழுந்திருப்பார், நான் பார்ப்பேன், உட்கார்ந்துவிடுவார். பாதி முல்லை காய்ந்தது, பிடுங்கி அடுப்பில் வைக்கும்போது அழுதேன், மழை வந்தது, போனது, மறுபடி வந்தது, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குடித்துப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது, பழகின நாக்கை எப்படி நம்புவது, அப்பாவைக் குடித்துப் பார்க்கச் சொல்லலாம் என்றால் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று மதியம் இவர் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறார், என்னாங்க என்கிறேன், என்னா புள்ள கொழம்பு இது, உப்பே இல்ல, மறந்துட்டியா, மறக்கவில்லை, வருஷக்கணக்காகக் குறைத்துப் போடுகிற அதே அளவுதான், என் கை தப்பாது, பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் சத்தம் போடுகிறார், ஒப்புக்குக்கூட உப்புப் போட மாட்டியாடி, செண்பகவல்லி அக்கா உள்ளிருந்து ஓடி வருகிறாள், வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், நான் கிணற்றடிக்கு ஓடுகிறேன், செம்பில் மொண்டு நீட்டுகிறேன், அப்பா வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார், முழுங்குங்கப்பா என்கிறேன், பயப்படாம முழுங்குங்க.