இறங்க வழியில்லாத கப்பல்

எழுபத்தெட்டில் லோகநாதன் பசியாவரத்தில் வந்து இறங்கியபோது, அவர் மீனுக்கு வரவில்லை என்பதே ஊருக்குப் பாதி நிம்மதி. மெட்ராஸில் ஏதோ ஒரு காலேஜில் வாத்தியார். நட்சத்திரத்துக்குப் போகிற கப்பலைப் பற்றி ஆராய்ச்சியாம். ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள், அதனால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆனால் இந்தக் கப்பலில் ஏறுகிறவன் போய்ச் சேரமாட்டான், அவன் பேரனுக்குப் பேரன்தான் இறங்குவான் என்றதும் படகோட்டி வேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நடுவுல பொறக்குறவன் இன்னா சார் பண்ணுவான்?"

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன். சின்ன இடத்துல தலைமுறை தலைமுறையா அடிச்சிக்காம எப்படி இருக்கறதுன்னு."

அதற்குப் பசியாவரத்தை அவர் பிடித்ததில் தப்பில்லை. நாலு பக்கமும் தண்ணீர். ஏரியில் எவன் எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொடுப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். வெளியூர் வேலைக்குப் போனவனுக்கு அதில் பங்கு கிடையாது. திரும்பி வந்தாலும் கிடையாது.

வேலுவின் ஒரே மகன் சம்பந்தத்துக்கு எண்ணூரில் வெல்டர் வேலை கிடைத்தது. "ஊர்ல கேட்டு என் பங்கை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லு நைனா" என்றான். வேலு சரியென்றான். "நானும் பேசறேன்" என்றார் லோகநாதன். கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன் என்று ஊர்க்கூட்டத்தில் அவருக்கும் ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். இப்படி ஒரு அசட்டுத்தனத்தை எந்த ஊர் செய்யும்!

ஒருநாள் நடு ஏரியில் காற்று விழுந்து படகு சும்மா நின்றபோது, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை வேலு அவரிடம் கொட்டிவிட்டான்.

"கேக்குறேன்னு சொல்லிட்டேன் சார். ஆனா ஊரு முடியாதுன்னு சொல்லிட்டா தேவலைன்னு இருக்குது. போனா வரமாட்டான் சார் அவன்."

"நமக்குள்ள இருக்கட்டும் வேலு" என்று லோகநாதன் அவன் தோளைத் தட்டினார். வெளியாள்தானே என்று வேலுவும் நிம்மதியானான்.

கூட்டத்தில் வேலு எழுந்து கேட்டான். மனசில் இருந்ததை முழுங்கிவிட்டு, மகனுக்காக நன்றாகவே கேட்டான். கூட்டத்தை நடத்திய சுப்பன், "நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்று லோகநாதன் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தனுக்காக முறையைத் தளர்த்தினா ஊரே காலியாயிடும். நீங்க இத்தனை நாள் ஒண்ணா இருக்கறதே இந்தக் கண்டிப்பாலதான்."

அத்தோடு விட்டிருந்தால் வேலு பொறுத்திருப்பான். அந்த மனுஷன் விடவில்லை.

"வேலுவுக்கே இதுல இஷ்டமில்ல. ஊரு முடியாதுன்னா தேவலைன்னு என்கிட்டயே சொன்னாரு."

கோள் சொல்கிற குரல்கூட இல்லை அது. தன் கப்பலுக்கு நல்ல பலகை ஒன்று கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

"நிஜமா நைனா?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தம்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும், ஊர் வேலுவைத்தான் நம்பியிருக்கும். அவன் மகன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான். முடியாது என்று சுப்பன் தீர்த்துவிட்டார்.

வெளியே வந்ததும் லோகநாதன் பக்கத்தில் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஊர் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என் ஊட்டுல துன்னுட்டு, என் புள்ள எதிர்லயே என்னை வித்துட்டியே சார். இனிமே என் படகுல கால் வெக்காத."

காலையில் சம்பந்தம் பெட்டியோடு வேறொருவன் படகில் ஏறினான். வேலு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கொண்டாந்து உடுறேன்டா."

"வேணாம் நைனா."

"பொங்கலுக்காவது வருவியா?"

"திரும்பி வர்றதுக்குத்தானே நைனா பங்கை எடுத்து வைக்கச் சொன்னேன்."

வேலு விளிம்பிலிருந்து கையை எடுத்தான்.