காரணம் போதாது

எங்கள் கம்பெனியில் கோப்புச் சோதனை அறை என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்திருப்பது நான், நசீம் பானு. உள்ளே நிரல் எழுதுகிறவர்களின் கணினிகளுக்கு இன்டர்நெட் கிடையாது. எடிட்டரில் எக்ஸ்டென்ஷன் என்கிற சின்னத் துணைநிரல் ஒன்று போட வேண்டுமென்றாலும் எனக்குப் பாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். நான் அதை வெளிக்கணினியில் இறக்கி, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, சிடியில் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே போகும். காஞ்சிபுரத்துக்காரி என்பதால் பட்டுப்புடவை விலை விசாரிக்கிற சாக்கில் வந்து பாரத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். என்னிடம் நடக்காது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பாரம் வந்தது. பாரத்தில் பெயர் இருக்காது, ஊழியர் எண் மட்டும்தான். கட்டிக்கொண்டவரின் எண் எனக்குத் தெரியாதா? என் கணவர் அயாஸ் கேட்டிருந்தது, நிரலை வரி வரியாக வாசித்துக் காட்டும் எக்ஸ்டென்ஷன். காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘பணித் தேவை’ என்று மொட்டையாக இருந்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. பெண்டாட்டிதானே, தலையாட்டிவிடுவாள் என்ற நினைப்பு! ‘காரணம் போதாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அதே பாரம் திரும்ப வந்தது. காரணம் இப்போது இடம் போதாமல் ஓரம்வரை ஓடியிருந்தது.

‘வலது கண்ணில் ஆறு மாதமாகப் பார்வை குறைந்துவருகிறது. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. மதியத்துக்கு மேல் திரையில் எழுத்துகள் கலைந்துவிடுகின்றன. காதால் கேட்டால் என் வேலையை நானே செய்ய முடியும். கையிலுள்ள நிரலை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.’

கூடவே கண் மருத்துவரின் சான்றிதழ். தேதியைப் பார்த்தேன். திருப்புட்குழியில் நண்பன் வீட்டு நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப்போனாரே, அந்தச் சனிக்கிழமை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. பாவி மனிதர், ஆறு மாதமாகத் தனியாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அனுமதி போட்டேன். இறக்கினேன். சிடி உள்ளே போன அரை மணி நேரத்தில் இன்டர்காம் அடித்தது.

“மேடம்,” என்றார் அயாஸ். பக்கத்தில் ஆள் இருந்தால் நான் மேடம்தான். “இன்ஸ்டால் ஆவலை. இது விண்டோஸுக்கானது.”

தலையில் அடித்துக்கொண்டேன். என் கணினி விண்டோஸ், உள்ளே இருப்பதெல்லாம் லினக்ஸ். எந்தக் கணினிக்கு என்று பார்த்து இறக்க வேண்டும். இந்தத் தப்புக்காகவே புதிதாக வருகிறவர்களை நான் காய்ச்சி எடுத்திருக்கிறேன். அழுதுகொண்டே இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு சிடிதான். இன்னொன்று வேண்டுமென்றால், தவறு சோதனை அறையுடையது என்று நான் எழுதிக்கொடுத்து மேலாளர் ராமராஜனிடம் போய் நிற்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் என் பெயரில் தவறு என்று ஒரு வரி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. எழுதினேன்.

ராமராஜன் படித்துவிட்டு நிமிர்ந்தார். “நீயாம்மா?”

“நான்தான் சார்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு மறுபடி இன்டர்காம். “வாசிக்குது,” என்றார் அயாஸ்.

அன்று மாலை பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“ஏங்க, ஆறு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கம்பெனி பாரத்துல மட்டும் எழுத முடியுதா?”

“அந்தப் பாரத்தை நீதான படிப்பே,” என்றார். “நேர்ல சொல்லணும்னு தெனம் நெனச்சிக்கினுதான் வருவேன். வாய் வரலை பானு. மொத பாரத்துலயும் எழுத தைரியம் வரலை. நீ திருப்பி அனுப்புன பாரு, அப்பத்தான் எழுதுனேன்.”



“இப்போ எவ்ளோ தெரியுது? என் மூஞ்சி தெரியுதா?”

“கிட்ட வந்தா தெரியும்.”

பஸ் நிறைய ஆபீஸ்காரர்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நெருங்கி உட்கார்ந்து, அவர் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.