ஏழாம் காம்பராச் சுவர்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு. இறத்தோட்டைக்குப் போகும் வேன்கள் திரும்புகிற வளைவில், தெருவைப் பார்த்து நீளமாக நிற்கிற லயம் அது. அந்தப் பன்னிரண்டு சுவர்களிலும் உலகத்தின் பேர்போன கட்டடங்களை வரைய வேண்டும் என்று ஓவியர் ஹம்சிகாவுக்குச் சொல்லியிருந்தார்கள். முதலாம் காம்பராவில் தாஜ்மஹால், இரண்டாவதில் ஈஃபில் கோபுரம், மூன்றாவதில் ரோமாபுரியின் வட்ட அரங்கு, இப்படியே வரிசையாக. வெளிநாட்டுக்காரர்கள் வேனை நிறுத்திப் படம் எடுப்பார்களாம். ‘ஓவியத் தெரு’ என்று திட்டத்துக்குப் பெயர்.

வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் ஜீவராஜ். அதனால்தான் அவள் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். பத்து வருடங்களுக்கு முன்னால் மாத்தளை பஸ் நிலையத்தில் வீதி நாடகம் போட்டுப் பொலிசாரிடம் அடிவாங்கியவன் அவன். முதுகில் ஒரு கதவைக் கட்டிக்கொண்டு, ‘இதை மாட்ட எனக்கொரு சுவர் கொடுங்க’ என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி நடித்தான். அந்தக் கதவுக்குப் பச்சை அடித்துக் கொடுத்தவள் ஹம்சிகா. அதற்குப் பிறகு அவனுடைய எல்லா நாடகத்துக்கும் திரை வரைந்தது அவள்தான். இப்போது அவன் தோளில் தோற்பை மாட்டி, இரண்டு போன் வைத்துக்கொண்டு, திட்டப் பணிப்பாளர் என்று அட்டை அடித்திருந்தான்.

ஆறு நாளில் ஆறு சுவர் முடிந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழாம் காம்பராவுக்கு வந்தாள். அங்கே சிட்னி ஒபேரா மாளிகை வர வேண்டும். சுண்ணக்கட்டியால் கோடு போடப் போனவள் கையை இறக்கிவிட்டாள்.

கூரைத் தகரத்திலிருந்து தரைவரைக்கும் சுவர் வெடித்திருந்தது. கீழே ஒரு விரல் போகும். மேலே மணிக்கட்டு வரைக்கும் கை போகும். வெடிப்புக்குக் குறுக்கே, நெஞ்சு உயரத்தில், ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் சிவப்புப் பெயின்ற்றில் ஒரு திகதி. கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

“அது என்னாக்கா?” என்று கேட்டாள்.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ராசம்மா, அந்தக் காம்பராக்காரி, முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “புயலுக்குப் பொறவு கொழும்புலருந்து ஆபீசருங்க வந்தாங்க புள்ள. மல எறங்குதான்னு பாக்க ஒட்டிட்டுப் போனாங்க. கண்ணாடி ஒடஞ்சா உள்ளுக்கு இருக்காதீங்க, அன்னைக்கே வெளியேறிடுங்கன்னாங்க. ரெண்டு கெழமையில ஒடஞ்சிருச்சு.”

“சொன்னீங்களா?”

“சொன்னோம். வேற எடம் தர்றோம்னு கடுதாசி வந்துச்சு. அதுக்குப் பொறவு நீதான் வந்திருக்க, பெயின்ற் வாளியோட.”

ராசம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் ஹம்சிகாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

உடனே ஜீவராஜுக்குப் போன் எடுத்தாள். “ஜீவாண்ணே, ஏழாம் காம்பராவப் பாத்தீங்களா? இந்தச் செவுத்துல வரைய முடியாது. ஆளுங்கள மொதல்ல வெளிய எடுக்கணும்.”

“பாத்தேன் ஹம்சி. பட்டி பூசி அடைச்சா சரியாகிடும். ஒபேரா ஹவுஸ்தான் நம்ம மெயின் படம். ஞாயித்துக்கெழம காசு குடுக்கிற கம்பனியோட வெளிநாட்டு நோனா வர்றாங்க.”

“அடைக்கிறதா? அந்தக் கண்ணாடி எதுக்கு ஒட்டினதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும். நீ கத்தாத. இந்த எடத்துக்கு நாலு வேன் வந்தா, நம்ம சனம் ஒரு தேத்தண்ணிக் கடையாவது போடும். வெடிப்பக் காட்டினா யாரு வருவா?”

“கண்ணாடியத் தொடாதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்,” என்று போனை வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஜீவராஜின் ஆட்கள் இரண்டு பேர் விடியவே வந்து, கண்ணாடியைப் பெயர்த்தெடுத்து, வெடிப்பு முழுக்க வெள்ளைப் பட்டியை அப்பி, சிவப்புத் திகதியைச் சுரண்டித் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவர் பார்ப்பதற்கு வழவழவென்று இருந்தது. கண்ணாடித் துண்டுகள் வாசல் கானுக்குள், சாக்கடைத் தண்ணீரில், வாழைத்தோலோடு கிடந்தன.

 ஹம்சிகா பெயின்ற் சுரண்டுகிற தகட்டை எடுத்தாள். பட்டி இன்னும் காயவில்லை. மேலிருந்து கீழே ஒரே மூச்சாகச் சுரண்ட ஆரம்பித்தாள். வெள்ளைக் கட்டிகள் அவள் தலையிலும் செருப்பிலும் விழுந்தன. அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். 

வெடிப்பு பழையபடி வாய் பிளந்த பிறகுதான் அவள் திரும்பினாள். “அக்கா, இந்தச் செவுத்துல படம் போட மாட்டேன். நடந்தத எழுதப் போறேன். திகதியோட. மூணு பாஷையில.”

ராசம்மாவின் புருஷன் பொன்னையா இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தவன் விருட்டென்று எழும்பினான். “வேணாம்மா! நீ எழுதிட்டு பஸ் ஏறிடுவ. நாளைக்குத் தோட்டத்துத் தொரைகிட்ட நிக்கிறது யாரு? வேலையிலருந்து பேர் வெட்டிட்டா நாங்க எங்க போறது?”

 அவன் கேட்டது நியாயம். அவள் தகட்டைக் கீழே வைத்தாள். உள்ளே வந்தது கோபமா வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன்னுடைய கோபத்தை அடுத்தவன் வீட்டுச் சுவரில் எழுதப் பார்த்தோமே என்று தோன்றியது.

“சரிண்ணே. நீங்க வேணாம்னா எழுதல,” என்றாள். “ஆனா படமும் போட மாட்டேன்.”

ராசம்மா புருஷனைப் பார்க்கவில்லை. கானுக்குள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்தாள்.

“மழ பேஞ்சா ராவெல்லாம் நான் இந்தச் செவுத்துல கைய வச்சிக்கிட்டுப் படுத்திருக்கேன்,” என்றாள். “அசைஞ்சா தெரியட்டும்னு. நாலு மாசமா. நீங்க பக்கத்துல கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தீங்க. எழுது புள்ள. எழுதுறதுன்னா சரியா எழுது. ‘தயவுசெஞ்சு’ன்னு ஒண்ணும் போடாத.”

பொன்னையா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜீவராஜ் அன்று முழுவதும் டவுனில், ஞாயிறு விருந்தாளிகளுக்குப் போடப்போகிற நாடகத்தின் ஒத்திகையில் இருந்தான். ஹம்சிகா கறுப்புப் பெயின்ற்றால், வெடிப்பின் இரண்டு பக்கமும், உள்ளங்கை உயர எழுத்தில் எழுதினாள். ராசம்மா சொல்லச் சொல்ல எழுதியது:

‘ஏழாம் காம்பரா. புயல் நவம்பர் 28. கண்ணாடி ஒட்டியது டிசம்பர் 9. உடைந்தது டிசம்பர் 23. வேறு இடம் தருவதாகக் கடிதம் ஜனவரி 14. இன்றைக்கும் உள்ளேதான் படுக்கிறோம். ஐந்து பேர்.’

கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதையே எழுதி முடிக்கும்போது இருட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை ஜீவராஜ் வந்து பார்த்தான். ஆளை விட்டு வெள்ளை அடிக்கச் சொன்னான். எழுத்து வெள்ளையை மீறித் தெரிந்தது. நேரமும் இல்லை. கடைசியில் நாடகத்துக்குக் கொண்டுவந்த நீலத் திரையை எடுத்து அந்தச் சுவர் மறையக் கட்டினான். அதற்கு முன்னாலேயே நாடகத்தை வைத்தான்.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கம்பனியின் வெளிநாட்டுப் பெண்மணி, மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர், கேமராக்காரர்கள். டவுன் பிள்ளைகள் மினுமினுக்கும் சேலை கட்டி, பிளாஸ்டிக் கூடை மாட்டி, கொழுந்து பறித்துச் சிரித்து ஆடினார்கள். நிஜமாகக் கொழுந்து பறிக்கிறவர்கள் ஓரமாக நின்றார்கள். ஹம்சிகா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முதுகில் கதவைச் சுமந்து நடித்தவன் போட்ட நாடகமா இது?

ஆட்டத்தின் நடுவில் ராசம்மா நடந்து போனாள். அவசரப்படவில்லை. ஆடுகிற பிள்ளைகளை விலக்கி, திரையின் ஓரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கம்பியோடு சேர்ந்து திரை விழுந்தது. எழுத்து தெரிந்தது. வெடிப்பு தெரிந்தது.

பாட்டு நின்றது. ஜீவராஜ் ஒரு கணம்தான் தடுமாறினான். பிறகு மைக்கை எடுத்து, சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னான்: இதுதான் எங்கள் ஓவியத் தெருவின் முக்கியமான படைப்பு, மக்களே பங்கெடுக்கும் கலை, இந்தப் பெண்ணும் நடிகைதான்.

எல்லாரும் கைதட்டினார்கள். வெளிநாட்டுப் பெண்மணி கண் கலங்கப் படம் எடுத்தாள்.

ஹம்சிகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். “கை தட்டாதீங்க!” என்று கத்தினாள். தமிழில் கத்தி, அதையே சிங்களத்தில் அதிகாரியின் முகத்துக்கு நேரே கத்தினாள். “இது படம் இல்ல சேர். நான் வரையல. மல வரைஞ்சது. கைய விட்டுப் பாருங்க!”

அதிகாரி அசையவில்லை. ராசம்மா கல்லில் ஏறி நின்று, வெடிப்பின் மேல்பக்கத்தில் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளே இருந்து பொன்னையாவின் குரல் கேட்டது. “அந்த ஆபீசர உள்ளுக்கு வரச் சொல்லு. கட்டில்லருந்து வானம் தெரியுது, வந்து பாக்கச் சொல்லு!” என்று அழுதுகொண்டே சொன்னான்.

அதிகாரி உள்ளே போனார். வெளியே வந்தபோது கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ போன் எடுத்தார். கைதட்டல் நின்றுபோயிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஆறு முதல் ஒன்பதுவரையான நாலு காம்பராக்காரர்களைக் கீழே இருந்த பழைய தொழிற்சங்கக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மற்ற எட்டுக் காம்பராவும் ‘பரிசீலனையில்’ இருக்கிறதென்று பதில் வந்தது. தாஜ்மஹாலுக்கு முன்னால் வேன்கள் நிற்கத்தான் செய்தன. உள்ளே ஆட்கள் படுக்கத்தான் செய்தார்கள். தான் வரைந்த அந்த ஆறு கட்டடங்களை நினைக்கும்போதெல்லாம் ஹம்சிகாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு கிழமை கழித்து ஜீவராஜ் போன் எடுத்தான். குரலில் பழைய பாசம் வழிந்தது.

“ஹம்சி, நடந்தத மறந்துடு. ஒன்னோட செவுத்துப் படம் போன் போனா பரவி எங்கயோ போயிருச்சு. கொழும்புல ஒரு ஓவியக் கண்காட்சிக் கலரியில அதே மாதிரி செஞ்சு வைக்கக் கேக்குறாங்க. அதே எழுத்து, அதே வெடிப்பு. ஓவியர்னு ஒம்பேர் போடுவாங்க.”

“வெடிப்பு எப்படிச் செய்வீங்க?”

“அது பிளாஸ்டர்ல செஞ்சுக்கலாம்…”

“ஜீவாண்ணே,” என்றாள்.  “ராசம்மாக்கா நாலு மாசம் கைய வச்சிக்கிட்டுப் படுத்த செவுரு அது. அத நீங்க மறைச்சீங்க. முடியலன்னதும் நாடகம்னீங்க. இப்ப பிளாஸ்டர்ல செஞ்சு விளக்குப் போட்டுக் காட்டப் போறீங்க. வெக்கமாயில்ல? இனி என் பேரச் சொல்லாதீங்க. என் நம்பரையும் அழிச்சிடுங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மீதி எட்டுக் காம்பராக்காரர்களும் கச்சேரிக்கு, மாவட்டத்தின் அரசாங்க அலுவலகத்துக்கு, மனுக் கொடுக்கப் போவதாக இருந்தது. அந்த மகஜரைச் சிங்களத்தில் எழுதித் தரச் சொல்லி ராசம்மா கேட்டிருந்தாள். ஹம்சிகா தாளையும் பேனையையும் பையில் போட்டுக்கொண்டு, இறத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். வழியெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டு போனாள்.