பானெட்டுக்கு அந்தப் பக்கம்

வளைகாப்பு முடிந்து என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போக என் தம்பி அருண்குமார் கடலூருக்கு வந்திருந்தான். பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீடு. ஆனால் பதினோரு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளையைப் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போவதா என்று கேட்டார் என் வீட்டுக்காரர் ஞானசேகரன். கேட்டதோடு நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரைத் தள்ளிவிட்டு, லாரிக்குத் தம்பி மாதிரி ஒரு வண்டியை வாங்கி வந்து வாசலை அடைத்துவிட்டார்.

"ஒயரமா இருந்தாத்தான் எவனும் பயந்து வழி வுடுவான் பவானி. நம்ம புள்ளைக்கு இதான் சேஃப்டி."

பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்க முடியுமா. அதில் ஏறவே அருண் என்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு மாசக்காரிக்கென்றே வாங்கிய வண்டியில் ஏழு மாசக்காரியால் ஏற முடியவில்லை. இதை நான் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

புறப்படும் முன் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், கண்ணாடியில் பொட்டு வைத்தார். முகப்பில் கம்பெனி முத்திரை இருக்கும் இடம் பார்ப்பதற்கு நெற்றி போலவே இருந்தது. அங்கேயும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகரப் போனவரை இவர் விடவில்லை.

"நல்லா அப்புங்க சாமி. எல்லாக் கண்ணும் இது மேலதான்."

குருக்களும் உள்ளங்கை நிறையச் சந்தனத்தை எடுத்து முத்திரையே தெரியாதபடி அப்பினார்.

வண்டி கிளம்பியதிலிருந்து கத்திக்கொண்டே வந்தது. ரோட்டில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால் ஒரு சத்தம், பக்கத்தில் பைக் வந்தால் ஒரு சத்தம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திரை, அதில் மஞ்சள் எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ வந்தது. எறும்பைத் தள்ளுவது போல அதை விரலால் தள்ளிவிட்டார்.

"என்னங்க அது, என்னமோ சொல்லுதே?"

"புது வண்டி, அப்படித்தான் பேசும். நீ நிம்மதியா உக்காரு."

நிம்மதி எங்கே வரும். பழைய காரில் எங்கள் இருவருக்கும் நடுவே ஹேண்ட் பிரேக் இருக்கும். இவர் வேகம் எடுத்தால் என் கை தானாக அதன்மேல் போய் உட்காரும். இதில் அந்த இடத்தில் டம்ளர் வைக்க ஒரு பள்ளம். ஹேண்ட் பிரேக் எங்கே என்று கேட்டதற்கு, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பட்டனைக் காட்டினார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கால் இரண்டும் தரையை அழுத்தி அழுத்தி மரத்துவிட்டன. உள்ளே பிள்ளையும் புரண்டுகொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நெல்லிக்குப்பம் மில்லில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டர் ஒன்று காலி டிரெய்லரோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான், இப்ப பாரு," என்றார் பின்சீட்டில் இருந்த அருணிடம். "நான் பிரேக்குல காலே வைக்கல. முன்னால எதுனா இருந்தா வண்டி தானா நிக்கும்."

டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மாமா..." என்றான் அருண்.

"இருடா."

என் கை ஹேண்ட் பிரேக்கைத் தேடி டம்ளர் பள்ளத்தில் விழுந்தது. "நிறுத்துங்க" என்று அலறினேன். அப்போதுதான் பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தார். டிரெய்லரின் மூலை ஜன்னலை ஒட்டிப் போனது. வண்டி மண்ணில் இறங்கிக் குதித்து, ஒரு நுங்குக் கடைக்கு முன்னால் புழுதியோடு நின்றது.

ஒரு நொடிக்கு முன் அந்தக் கடை வாசலில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் குடத்தோடு நின்றதை நான் பார்த்தேன். இப்போது அவளைக் காணோம். எதிரே பானெட் மட்டும் மேடை போல இருந்தது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்பி எழும்பிப் பார்த்தார். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. கடைக்காரப் பெண் வாயைத் திறந்தபடி ஓடி வந்தாள்.

கதவைத் திறந்து சறுக்கி இறங்கினேன். "யக்கா, பாத்து" என்று அருண் கத்தினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

குழந்தை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவே, கீழே விழுந்த அந்தக் குடத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அவள் உச்சந்தலை பானெட்டை எட்டவில்லை. அழக்கூட இல்லை, முகத்துக்கு நேரே இருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்த தாய்க்காரி அவளை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"கண்ண எங்கயா வச்சினு ஓட்டுன?"

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல," என்றார் இவர். அது உண்மைதான்.

அருண் திரையைப் படித்துவிட்டு இறங்கி வந்தான். "மாமா, அந்த முத்திரைக்குப் பின்னாலதான் சென்சார் இருக்குது. மறச்சிருக்கு, தொடைங்கன்னு காத்தாலேர்ந்து சொல்லினு இருந்திருக்கு. தானா நிக்கறது வேலையே செய்யல."

குடத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் துண்டை நனைத்து இவர் சந்தனத்தைத் துடைத்தார். உள்ளே எட்டித் திரையைப் பார்த்தார், மஞ்சள் எழுத்து மறைந்திருந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"சரியாயிடுச்சு பவானி. சந்தனந்தான் காரணம், வண்டி மேல தப்பே இல்ல. இனிமே தானா நிக்கும். ஏறு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவருக்கு அப்போதும் எது கெட்டது என்று தெரியவில்லை.

"நீங்க ஏறி உக்காருங்க," என்றேன். ஏறினார், இன்ஜினைப் போட்டார், கண்ணாடியை இறக்கினார். நான் அந்தக் குழந்தை நின்ற இடத்தில் போய் நின்றேன்.

"நான் தெரியுறனா?"

"தெரியாம என்ன. மூஞ்சி தெரியுது, தோளு தெரியுது. வெயில்ல நிக்காத, வா."

இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

"புள்ள தெரியுதா?"

அவர் சீட்டிலிருந்து எழும்பிப் பார்த்தார். கழுத்தை நீட்டி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டார்.