பச்சைப் பட்டுக் கட்டிய கடா

அந்தக் காலத்தில் திருகோணமலை ஆடுகளை யாரும் மேய்க்கப் போனதில்லை. விடிய அவிழ்த்துவிட்டால் அதுகள் தம் பாட்டில் கடைத்தெருவுக்குப் போகும். சந்தையில் கழித்த கீரையையும் பசை காயாத பட நோட்டீசையும் தின்றுவிட்டு, பின்னேரம் துறைமுகத்து டொக்யாட் சங்கு ஊதினதும் வீடு திரும்பும். படலை திறக்கப் பிந்தினால் ஊரைக் கூட்டும்.

மாகிரட்டின் கறுப்புக் கடாவுக்குக் ‘கப்டன்’ என்று பெயர் வைத்தவர் அவள் புருஷன் சிறில். மகள் எல்சியின் கலியாணச் சாப்பாட்டுக்கென்று வளர்த்த கடா அது. “ஆட்டிறைச்சி இல்லாமல் பந்தி வையாதையுங்கோ” என்று மாப்பிள்ளை வீட்டார் முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஊரில் கறுப்புக் கடா ஒன்றா இரண்டா? மாறிப்போகக்கூடாதென்று, மாதா கோயில் சுவாமியாருக்குப் பச்சைப் பூசை உடுப்புத் தைத்து மிஞ்சிய பட்டுத்துண்டை அதன் கழுத்தில் கட்டிவிட்டாள் மாகிரட்.

அதற்குப் பிறகு கப்டன் பசியோடு திரும்பியதேயில்லை. ஒருநாள் வாயில் வாழைப்பழ வாசம். இன்னொருநாள் கொம்பில் மல்லிகைச் சரம்.

“இஞ்சருங்கோ, கடா அத்தர் மணக்குது!”

“உம்மட கடாவும் கலியாணத்துக்கு வெளிக்கிடுதாக்கும்” என்றார் சிறில்.

அவள் சிரித்தாள். ஏனென்று வெளியே விசாரிக்கவில்லை. தவிடு மிச்சம்தானே.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கப்டனை இறைச்சிக்கடை முத்தலிப்பிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“அல்லாஹ்வே, இதையா? இது தர்ஹாவில அடங்கியிருக்கிற அவுலியாவுக்கு விட்ட நேர்ச்சைக் கடா அல்லவா, அக்கா? ஊரே தீன் போட்டு வளர்க்குது. கந்தூரிக்கு அறுத்து எல்லாருக்கும் சோறு குடுக்கிறதுக்கு.”

“என்ர கொட்டில்ல பிறந்தது, முத்தலிப் நானா! கழுத்தில கிடக்கிறது பூசை உடுப்புத் துண்டு.”

“அது உங்களுக்கு. பச்சை கட்டித் திரியிற கடா எங்களுக்கு நேர்ச்சைதான்.”

இறைச்சி வாங்க வந்து நின்ற பரீதா கிட்ட வந்து கடாவின் முதுகைத் தடவினாள். கப்டன் பழகிய கையை நக்கியது.

“ராத்தா, கப்பலுக்குப் போன என்ட மகன் ஹிஸ்புல்லா நாலு மாசமாக் கடுதாசி போடல்ல. வெள்ளிக்கு வெள்ளி இதுக்குப் பழம் குடுத்து, காதுக்குள்ள அவன்ட பேரைச் சொன்னனான். அத்தர் பூசினதும் நான்தான்.”

“பிறகு?”

“போன கிழமை வந்திட்டு கடுதாசி.”

முத்தலிப் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “துண்டை அவிழ்த்துப்போட்டு, இதைத் தெரியாத லிங்கநகர்ப் பக்கம் கொண்டு போனா ஆரும் வெட்டித் தருவாங்க. உங்கட ஆடு. என்ட கையால மட்டும் ஏலாது.”

மாகிரட் முடிச்சில் கை வைத்தாள். பட்டிலும் அத்தர் மணந்தது. இரண்டு மாதமாக மணந்ததுதான். அவள்தான் கேட்காமல் விட்டாள்.

கயிற்றைப் பரீதாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

“பந்திக்கு என்னப்பா?” சிறில் தலையில் கை வைத்தார்.

“பாரை மீன்.”

“மாப்பிள்ளை பகுதி கேட்டால்?”

“கடா வேதம் மாறிப் போட்டுதெண்டு சொல்லுங்கோ.”

மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மீன்குழம்புதான் விழுந்தது. எல்சி தலைநிமிராமல் இருந்தாள்.

அடுத்த மாதம் கந்தூரிச் சோறு வந்தது. பரீதா தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். “உங்கட பங்குதான் முதல் பங்கு, ராத்தா.”

சிறில் சாப்பிட்டார். மாகிரட் ஒரு வாய் வைத்தாள். மிச்சத்தைச் சிறிலின் தட்டில் போட்டாள். கழுவின தாம்பாளத்தை வெறுமையாகக் கொடுக்காமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தாள்.

கடைத்தெருவில் ஆடுகள் திரியாத காலமும் வந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகும் எல்சி வந்தால் குசினியில் அந்தக் கதைதான்.

“என்ர கலியாணத்துக்கு மட்டும் மீனைப் போட்டு ஒப்பேத்தினனீங்கள், அம்மா.”

“ஏன், கப்டனும் வந்ததுதானே” என்பாள் மாகிரட். “ஒரு மாசம் பிந்தி.”